பழைய பிக்கப்புக்குப் புதிய கொன்வேர்ட்டர்



சென்ற மாதம் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றிப் பேசினோம். இம்மாதம் ஒரு வாகனத்தின் அடிவயிற்றுக்குள் எட்டிப் பார்க்கப் போகிறோம். "குடும்பப் பத்திரிகையில் சைலன்சர் குழாய் பற்றி எழுத இந்த மௌலவிக்கு என்ன வந்தது?" என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். வீட்டில் ஒரு வாகனம் இருந்து, அது ஓடினால்தான் அடுப்பு எரியும் என்ற நிலை இருந்தால், கராஜ்காரர் சொல்லும் கணக்கைக் கடைசியில் யாருடைய கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள்? சீட்டுக் காசிலிருந்தும் பிள்ளையின் படிப்புக்கென்று ஒதுக்கியதிலிருந்தும் எடுத்துக் கொடுப்பவர் நீங்கள்தானே. அப்படியானால் அது எதற்குப் போகிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமையும் உங்களுக்கு இருக்கிறது.

விடயம் என் சொந்தத் தங்கச்சியின் வீட்டிலிருந்து வந்தது. அவள் கணவருடனும் மூன்று பிள்ளைகளுடனும் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், உட்புறச் சமவெளியில் உள்ள ஒரு நகரத்தில் வசிக்கிறாள். மச்சான் தரைக்கு ஓடு பதிக்கும் தொழில் செய்கிறார். ஓடும் சீமெந்தும் கருவிகளும் ஏற்றுவதற்கு அவரிடம் இருப்பது 1994ஆம் ஆண்டு ரொயோட்டா பிக்கப் ஒன்று. நம் நாட்டில் ஹைலக்ஸ் என்றால் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். அதே வண்டிதான், அமெரிக்காவில் அக்காலத்தில் வெறுமனே "பிக்கப்" என்ற பெயரிலேயே விற்றார்கள். ஒரு வித்தியாசம்: நம்மிடம் உள்ள பழைய ஹைலக்ஸ்கள் பெரும்பாலும் டீசல். மச்சானுடையது 22ஆர்-ஈ என்ற 2.4 லீற்றர் பெற்றோல் எஞ்சின்.

அந்த மாநிலத்தில் 1976ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து வந்த பெற்றோல் வாகனங்களுக்கு, பெரும்பாலான பகுதிகளில், இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை புகைப் பரிசோதனை உண்டு. அதில் தேறினால்தான் பதிவைப் புதுப்பிக்கலாம். மச்சானின் பிக்கப் தேறவில்லை. பக்கத்திலிருந்த ஒரு கராஜ்காரர் வண்டிக்கு அடியில் குனிந்துகூடப் பார்க்காமல், "கொன்வேர்ட்டர் செத்துவிட்டது; 900 டொலர் கொண்டு வா" என்றாராம். வேலைத்தலத்தில் ஒரு நண்பர் வேறொரு வழி சொன்னார். இணையக் கடையில் 130 டொலருக்கு அதே பிக்கப்புக்கான கொன்வேர்ட்டர் கிடைக்கிறது. ஆனால் கலிபோர்னியா முகவரிக்கு அனுப்ப மாட்டார்களாம். "நிவாடா மாநிலத்தில் என் உறவினர் வீட்டு முகவரியைக் கொடு, நான் கொண்டு வந்து தருகிறேன்" என்றார் அந்த நண்பர்.

இரவு பத்து மணிக்குத் தங்கச்சி வட்ஸ்அப்பில் வந்தாள். "காக்கா, இது கூடுமா, கூடாதா? சொல்லுங்க. பதிவு முடிய நாள் எண்ணிக்கிட்டு இருக்கோம்."

இந்த இடத்தில் நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். கொன்வேர்ட்டர் என்றால் என்னவென்றே எனக்கு அன்று தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்வதற்குத்தான் அரபுக் கல்லூரியில் எங்களுக்கு முதலில் கற்றுக்கொடுத்தார்கள். அப்படியிருந்தும், தூக்கக் கலக்கத்தில், "புகையைக் குறைக்கிற சாமான்தானே மகள், மலிவாகக் கிடைத்தால் வாங்குங்கள்" என்று சொல்லிவிட்டேன். அவர்கள் வாங்கிவிட்டார்கள்.

பத்து நாள் கழித்து மறுபடியும் அழைப்பு. பெட்டி வந்துவிட்டது, பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு துண்டுக் காகிதம். இந்தப் பொருளைக் கலிபோர்னியாவில் விற்பதோ பொருத்துவதோ சட்டத்துக்கு முரண் என்று அதில் அச்சடித்திருக்கிறது. தங்கச்சி ஒன்றும் குற்றம் சொல்லவில்லை. "காக்கா, நீங்க சொன்னீங்களே" என்றாள், அவ்வளவுதான். அடுத்த நாள் சுபஹுக்குப் பிறகு நேராக எங்கள் தெருமுனையிலுள்ள கராஜுக்குப் போனேன். அதன் உரிமையாளர் முன்பு என்னிடம் ஓதிய பிள்ளை. பன்னிரண்டு வருடம் குவைத்தில் அமெரிக்க, ஜப்பானிய வாகனங்களைத் திருத்திவிட்டு வந்தவர். ஒரு காலத்தில் நான் அவருக்குப் பாடம் சொன்னேன். அன்று அவர் எனக்குச் சொன்னார். அவர் சொன்னதையும் பிறகு நான் வாசித்து உறுதிப்படுத்திக்கொண்டதையும் உங்களுக்குத் தருகிறேன்.

பெற்றோல் எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையில் மூன்று நச்சுகள் முக்கியமானவை. முதலாவது காபனோரொட்சைட்டு; பூட்டிய அறையில் ஆளைக் கொல்வது அதுதான். இரண்டாவது எரியாமல் தப்பிவரும் பெற்றோல் ஆவி, அதாவது ஐதரோகாபன்கள். மூன்றாவது எஞ்சினுக்குள் கடுஞ்சூட்டில் காற்றே எரிந்து உண்டாகும் நைதரசன் ஒட்சைட்டுகள். எஞ்சினுக்கும் சைலன்சருக்கும் இடையில், குழாயின் நடுவே ஒரு பாண் இறாத்தல் அளவில் தகரப் பெட்டி ஒன்று இருக்கிறதே, அதுதான் கெற்றலிட்டிக் கொன்வேர்ட்டர். அதற்குள் தேன்கூடு போன்ற ஒரு மட்கட்டி. அந்தக் கூட்டின் ஆயிரக்கணக்கான சிறு கண்களின் சுவரில் பிளாற்றினம், பலேடியம், ரோடியம் என்ற விலையுயர்ந்த உலோகங்களை மிக மெல்லிதாகப் பூசியிருக்கிறார்கள். பிள்ளைகளின் விஞ்ஞானப் புத்தகத்தில் "ஊக்கி" என்று படிக்கிறார்களே, இவை அவைதான். தான் தீர்ந்துபோகாமல் மற்றவற்றை மாற்றிவிடும். நச்சுப் புகை அந்தக் கண்களினூடே போகும்போது காபனீரொட்சைட்டாகவும் நீராவியாகவும் நைதரசனாகவும் மாறி வெளியேறுகிறது.

ஒரு நிபந்தனை உண்டு. ஆப்பச்சட்டி சூடேறாமல் மாவை ஊற்றினால் என்னவாகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கொன்வேர்ட்டரும் அப்படித்தான். 250, 300 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேறிய பிறகே அது வேலையைத் தொடங்கும். பாதையில் ஓடும்போது இன்னும் பல நூறு பாகை ஏறும். அதனால்தான் அதன் மேலும் கீழும் வெப்பம் தடுக்கும் தகடு பொருத்தியிருக்கும். வெல்டிங் வேலையின்போது "இது எதற்கு, ஆடிச் சத்தம் போடுகிறது" என்று அந்தத் தகட்டைக் கழற்றி மூலையில் எறிகிறவர்கள் இருக்கிறார்கள். காய்ந்த புல்லின்மேல் வண்டியை நிறுத்தினால் தீப்பிடிக்கும் என்பதை அவர்கள் யோசிப்பதில்லை. கலிபோர்னியாவின் கோடையில் இது விளையாட்டு விடயமல்ல.

அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டு மாதிரிக் கார்களிலிருந்து இந்தப் பெட்டி பரவலாக வந்தது. இதற்குப் பரம எதிரி ஈயம். பெற்றோலில் ஈயம் கலந்திருந்தால் அது தேன்கூட்டின்மேல் படிந்து உலோகப் பூச்சை மூடிவிடும். நம் நாட்டில் ஈயம் கலந்த பெற்றோல் 2002ஆம் ஆண்டுதான் நின்றது. அதற்கு முன் ஜப்பானிலிருந்து கொன்வேர்ட்டருடன் வந்திறங்கிய பெற்றோல் வாகனங்களின் கதி என்ன? அந்தப் பெட்டிகள் நம் பெற்றோலைக் குடித்துச் செத்தன. செத்ததைக் கழற்றிவிட்டு வெறும் குழாயை ஒட்டுவது கராஜ்களில் வழக்கமாகிவிட்டது. அந்தப் பழக்கம் இன்னும் முற்றாகப் போகவில்லை.

இனித் தங்கச்சியின் பிக்கப்புக்கு வருவோம். என் மாணவர் முதலில் கேட்ட கேள்வி, "எந்தக் கொன்வேர்ட்டர் வாங்குவது?" என்பதல்ல. "ஹஸரத், பழையது ஏன் செத்தது? செத்ததுதான் என்று யார் சொன்னது?" என்று கேட்டார். கொன்வேர்ட்டர் தானாக மௌத்தாகுவது குறைவாம். பெரும்பாலும் எஞ்சின்தான் அதைக் கொல்கிறது. ஒரு பிளக் சரியாகப் பொறி விடாவிட்டால் எரியாத பெற்றோல் நேரே கொன்வேர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். அந்தச் சூட்டில் தேன்கூடு உருகிக் கட்டியாகிவிடும். எஞ்சின் எண்ணெய் குடித்தால், எண்ணெயிலுள்ள பொசுபரசு பூச்சின்மேல் படியும். ஹெட் கஸ்கட் கசிந்து ரேடியேற்றர் தண்ணீர் உள்ளே போனாலும் இதே கதிதான். பற்றரி செத்த வண்டியைத் திரும்பத் திரும்பத் தள்ளி ஸ்டார்ட் பண்ணுவதும் கூடாதாம். இந்த நோய்களில் ஒன்று இருக்கும்போது புதுக் கொன்வேர்ட்டர் போட்டால், ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிய கதைதான். ஆறு மாதத்தில் அதுவும் போகும்; உத்தரவாதமும் செல்லாது.

பரிசோதனை நிலையத்தில் கொடுத்த தாளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். பாருங்கள் சகோதரிகளே, அந்தத் தாள் வீட்டிலேயே கிடந்தது. "தோல்வி" என்ற ஒரு சொல்லைத் தவிர வேறெதையும் யாரும் வாசிக்கவில்லை. 1999க்கும் அதற்கு முந்திய ஆண்டுகளுக்கும் உரிய வாகனங்களை அங்கே நகரப் பகுதிகளில் உருளைகளின் மேல் ஏற்றி, மணிக்கு 15 மைல், 25 மைல் வேகங்களில் ஓடவைத்து அளக்கிறார்கள். தாளில் மூன்று நச்சுக்கும் தனித்தனி வரிசை. ஒவ்வொன்றுக்கும் அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு, தேறிய வாகனங்களின் சராசரி, உங்கள் வண்டியின் அளவு என்று பக்கத்தில் பக்கத்தில் எண்கள். மச்சானின் பிக்கப்பில் ஐதரோகாபனும் காபனோரொட்சைட்டும் எல்லைக்குள் இருந்தன. நைதரசன் ஒட்சைட்டு மட்டும் உச்ச அளவின் இருமடங்கை நெருங்கியிருந்தது.

என் மாணவர் சிரித்தார். "கொன்வேர்ட்டர் முழுக்கச் செத்திருந்தால் மூன்றும் ஏற வேண்டும். நைதரசன் மட்டும் ஏறினால் முதலில் எஞ்சினின் சூட்டைப் பார்க்கணும்" என்றார். அந்த எஞ்சினில் ஈ.ஜீ.ஆர். என்றொரு வால்வு இருக்கிறது. எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திருப்பி உள்ளே விட்டு, எரியும் சூட்டைத் தணிப்பது அதன் வேலை. பழைய வண்டிகளில் அதன் வழி கரி பிடித்து அடைத்துக்கொள்ளும். இன்னொன்று, பொறி விழும் நேரம். இந்த 22ஆர்-ஈ எஞ்சினுக்கு அது மேல்முனைக்கு 5 பாகை முன்னதாக இருக்க வேண்டும். யாராவது "இழுவை கூடும்" என்று அதை முன்னுக்குத் தள்ளி வைத்திருந்தால் நைதரசன் எகிறும்.

மச்சான் கைவேலை தெரிந்தவர். ஒரு சனிக்கிழமை முழுவதும் தொலைபேசியில் என் மாணவர் சொல்லச் சொல்ல அங்கே அவர் கழற்றினார். ஈ.ஜீ.ஆர். வழி கரியால் முக்கால்வாசி மூடியிருந்தது. பொறி நேரம் 9 பாகையில் இருந்தது. பழைய உரிமையாளர் செய்த வேலையாக இருக்கலாம். இரண்டையும் சரிசெய்து, சான்றிதழ் இல்லாமல் வெறுமனே அளந்து பார்க்கும் முன்பரிசோதனைக்குப் போனார்கள். நைதரசன் வெகுவாக இறங்கியிருந்தது. ஆனால் உச்ச அளவுக்குச் சற்று மேலேதான் நின்றது. ஆக, கராஜ்காரர் சொன்னது முழுப் பொய்யல்ல. முப்பது வருடக் கொன்வேர்ட்டர், அதன் பங்கு வேலையைச் செய்யவில்லை. ஆனால் எஞ்சினைப் பார்க்காமல் 900 டொலரைக் கொட்டியிருந்தால், புதியதும் அந்தச் சூட்டையே தின்றுகொண்டிருந்திருக்கும்.

கொன்வேர்ட்டர் கெட்டுவிட்டதா என்பதை அறிய வேறு சில வழிகளும் உண்டு. எஞ்சின் ஆறிய பிறகு றப்பர்ச் சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் உள்ளே கற்கள் உருள்வது போலச் சத்தம் வந்தால் தேன்கூடு உடைந்துவிட்டது. ஏற்றத்தில் வண்டி மூச்சு முட்டுவது போலத் திணறினால் அடைத்திருக்கலாம். ஒட்சிசன் சென்சரைக் கழற்றி அந்தத் துளையில் மானி வைத்து அழுத்தத்தை அளப்பார்கள். வண்டி சும்மா இரையும்போதே ஒன்றரை பி.எஸ்.ஐ.க்கு மேல் காட்டினால் அடைப்பைச் சந்தேகிக்கலாம். இதில் ஒன்றையேனும் செய்யாமல் "மாற்று" என்று சொல்பவரிடம், "எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்று மரியாதையாகக் கேளுங்கள்.

சரி, மாற்றத்தான் வேண்டும். எதை வாங்குவது? அந்த 130 டொலர்ப் பெட்டியில் என்ன குறை? நிவாடாவில் ஆகுமானது பக்கத்து மாநிலத்தில் ஏன் ஆகாமல் போகிறது? தங்கச்சிக்கு மட்டுமல்ல, எனக்கும் இந்தக் கேள்வி இருந்தது.

கலிபோர்னியாவின் சமவெளிகள் மலைகளால் சூழப்பட்டவை. புகை வெளியேற வழியில்லை. நைதரசன் ஒட்சைட்டும் பெற்றோல் ஆவியும் வெயிலில் கலந்து வேறொரு நச்சை, ஓசோனை, தரைமட்டத்திலேயே உண்டாக்குகின்றன. ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற இரசாயனப் பேராசிரியர் 1950களின் தொடக்கத்தில் லொஸ் ஏஞ்சல்ஸில் இதைக் கண்டறிந்தார். 1967இல் அந்த மாநிலம் காற்றைக் காக்கவென்றே ஒரு சபையை ஏற்படுத்தியது. மத்திய அரசின் விதியை விடக் கடுமையான விதி அவர்களுக்கு இருப்பது இதனால்தான். தங்கச்சியின் நடுப் பிள்ளைக்கு இழுப்பு நோய். கோடை வந்தால் பாடசாலைக்கு இன்ஹேலர் கொண்டுபோகிறாள். எந்தக் காற்றைச் சுத்தமாக்க அந்தச் சட்டம் வந்ததோ, அதைத்தான் அந்தப் பிள்ளை சுவாசிக்கிறது.

மத்திய அரசு 1986இல் வகுத்த விதிப்படி, பின்னால் வாங்கிப் பொருத்தும் கொன்வேர்ட்டர் 25,000 மைலுக்கு வேலை செய்தால் போதும். வெளித் தகரமும் குழாயும் மட்டும் 5 வருடம் அல்லது 50,000 மைல் தாங்க வேண்டும். கலிபோர்னியாவில் 2009ஆம் ஆண்டிலிருந்து, வேலை செய்யும் திறனுக்கே 5 வருடம் அல்லது 50,000 மைல் உத்தரவாதம் வேண்டும். அப்படி உழைக்க வேண்டுமென்றால் தேன்கூட்டில் விலையுயர்ந்த உலோகம் கூடுதலாக இருக்க வேண்டும். மலிவுப் பெட்டி மலிவாக இருப்பதன் இரகசியம் இதுதான். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல மினுங்கும். ரோடியம் 2021இல் ஒரு அவுன்ஸ் 25,000 டொலரையும் தாண்டி விற்றது. யாரும் அதைச் சும்மா அள்ளிப் போடுவார்களா?

அங்கே ஏற்றுக்கொள்ளப்பட்ட கொன்வேர்ட்டரின் தகரத்தில் டி-280 என்று தொடங்கும் ஓர் அனுமதி எண், பாக இலக்கம், செய்யப்பட்ட மாதமும் வருடமும், புகை போகும் திசையைக் காட்டும் அம்புக்குறி ஆகியவை அழியாமல் பொறித்திருக்கும். பரிசோதகர் வண்டிக்கு அடியில் வெளிச்சம் அடித்து அந்த எண்ணைத் தேடுவார். புகை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், எண் இல்லையென்றால் தோல்விதான். நிவாடா வழியாக வந்த பெட்டியைப் பொருத்தியிருந்தால் 130 டொலரும் வெல்டிங் கூலியும் போய், மறுபடியும் இதே வாசலில் வந்து நின்றிருப்பார்கள்.

எண் இருந்தால் மட்டும் போதுமா? போதாது. அந்த எண் உங்கள் வண்டிக்கு உரியதாக இருக்க வேண்டும். பொனட்டைத் திறந்தால் அடியில் ஒரு லேபல் ஒட்டியிருக்கும். அந்த எஞ்சின் கலிபோர்னிய விதிக்காகச் செய்யப்பட்டதா, மத்திய அரசு விதிக்காகச் செய்யப்பட்டதா என்றும், எஞ்சின் குடும்பம் என்று ஒரு நீண்ட குறியீடும் அதில் இருக்கும். ஒரே வருடம், ஒரே எஞ்சின் என்றாலும் இரண்டு லேபலுக்கும் வெவ்வேறு கொன்வேர்ட்டர். அந்தச் சபையின் இணையப் பட்டியலில் வருடம், எஞ்சின், லேபல் குறியீடு மூன்றையும் வைத்துத் தேடிப் பார்த்தால் எவையெவை ஆகுமென்று காட்டும். தங்கச்சிதான் இதைச் செய்தாள். மச்சான் வேலைக்குப் போன பிறகு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பொனட்டைத் திறந்து, எண்ணெய்க் கறையைத் துணியால் துடைத்து, லேபலைப் படம் எடுத்தாள். அந்தப் படத்தை இன்னும் என் தொலைபேசியில் வைத்திருக்கிறேன்.

வேறு மாநிலங்களில் உங்கள் உறவினர் இருந்தால்: நியூயோர்க், மெய்ன், கொலராடோ ஆகியவையும் பின்னர் கலிபோர்னிய லேபல் உள்ள வண்டிகளுக்கு இதே வழியை எடுத்துக்கொண்டன. மற்றைய இடங்களில் பெரும்பாலும் மத்திய அரசு விதிக்குட்பட்டது போதும்.

பொருத்தும் விதத்திலும் இரண்டு வகை உண்டு. ஒன்று அந்த வண்டிக்கென்றே வார்த்தது. பழையதன் போல்ட்டுகளைக் கழற்றி, புது கஸ்கட் வைத்து, அதே இடத்தில் பூட்டலாம். மற்றது பொதுவானது, குழாயை வெட்டி ஒட்ட வேண்டும். இரண்டாவது விலை குறைவு. ஆனால் வெல்டிங் கூலியையும், ஒட்டு சரியில்லாமல் காற்று உறிஞ்சினால் வரும் தொல்லையையும் சேர்த்தால் மிச்சம் பெரிதாக இல்லை. கொன்வேர்ட்டருக்கு முன்னால் ஒரு சிறு கசிவு இருந்தாலும் ஒட்சிசன் சென்சர் ஏமாந்து, எஞ்சினுக்குத் தவறான கணக்குச் சொல்லும். என் மாணவரின் அபிப்பிராயம் முதலாவது வகைதான். கம்பனியின் அசல் பாகம் எல்லாவற்றிலும் சிறந்தது; விலை கண்ணைக் கட்டும். பழைய வண்டி முற்றத்தில் கழற்றிய பாவித்த கொன்வேர்ட்டரை விற்பது கலிபோர்னியாவில் தடை. தடை இல்லாத இடத்திலும் அதை நான் வாங்கமாட்டேன். அது எந்த எஞ்சினின் எண்ணெயைக் குடித்தது என்று யாருக்குத் தெரியும்?

இனி அந்த "கூடுமா, கூடாதா". இரண்டாம் தடவை நான் நிதானமாகப் பதில் சொன்னேன். பொது மக்களின் சுவாசத்தைக் காக்க ஓர் ஊர் சட்டம் போட்டிருக்கிறது. அதற்குக் கட்டுப்படுவதாக ஒப்புக்கொண்டுதான் நீங்கள் அங்கே குடியிருக்கிறீர்கள். போதாததற்கு, நிவாடா முகவரி என்பது நாம் சொல்லும் பொய். எனவே கூடாது, பெட்டியைத் திருப்பி அனுப்புங்கள். முன்பு நான் சொன்னது அறியாமல் சொன்னது, அதற்காக மன்னித்துக்கொள் என்றும் சொன்னேன். பொருத்தாத பெட்டியானதால் கடைக்காரர் எடுத்துக்கொண்டார். அனுப்பும் கூலி மட்டும் நட்டம். அதை நான்தான் தர வேண்டும் என்றேன். அவள் வாங்க மறுத்துவிட்டாள்.

காசுக்கு என்ன வழி? முறையான கொன்வேர்ட்டருக்கும் வேலைக்கும் 800 டொலருக்கு மேல் சொன்னார்கள். தேடியபோது ஒரு செய்தி கிடைத்தது. அந்த மாநிலத்தில், வருமானம் குறைந்த குடும்பத்தின் வாகனம் புகைப் பரிசோதனையில் தவறினால், திருத்தும் செலவில் பெரும் பகுதியை அரசே ஏற்கும் ஒரு திட்டம் உண்டு. ஒரு பங்கை நாம் கட்ட வேண்டும். முக்கியமான நிபந்தனை: விண்ணப்பம் முதலில், வேலை பிறகு, அதுவும் அவர்கள் குறிப்பிடும் கராஜில். முன்கூட்டியே மாற்றிவிட்டுப் பற்றுச்சீட்டைக் கொண்டு போனால் ஒரு சதமும் கிடைக்காது. அவசரத்தில் கையை விட்டிருந்தால் இதுவும் போயிருக்கும்.

தங்கச்சிக்குக் கூச்சம். "ஸதகா வாங்குறது போல இருக்கு காக்கா" என்றாள். அங்கே புதிய வாகனம் வைத்திருப்பவர்கள் பரிசோதனைக்குப் பதிலாக வருடாவருடம் ஒரு கட்டணம் கட்டுகிறார்கள்; இந்த உதவி அந்த வகைப் பணத்திலிருந்து, உங்களைப் போன்றவர்களின் வண்டியைச் சுத்தமாக்குவதற்கென்றே ஒதுக்கியது. தகுதி இருந்தும் மறுத்தால் யாருக்கு இலாபம்? மச்சான்தான் கடைசியில் பாரத்தை நிரப்பினார். பதிவு முடியும் திகதி நெருங்கியதால், பதிவுக் கட்டணத்தைக் கட்டி 60 நாளுக்கான தற்காலிக அனுமதி வாங்கிக்கொண்டார்கள். வேலையும் நிற்கவில்லை.

நம் நாட்டுச் சகோதரிகளுக்கு இதில் என்ன இருக்கிறது? நமக்கும் 2008இல் தொடங்கிய புகைப் பரிசோதனை இருக்கிறது. அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது. டீசல் ஹைலக்ஸுக்கு இங்கே அளப்பது கரும்புகையின் அடர்த்தியைத்தான். நான் மேலே சொன்ன மூவகை வேலை செய்யும் கொன்வேர்ட்டர் பழைய டீசல் வண்டிகளில் கிடையாது. ஆகவே உங்கள் பழைய டீசல் பிக்கப் கரும்புகை கக்கி, யாராவது "கொன்வேர்ட்டர் மாற்றணும்" என்று சொன்னால், அவரிடம் வண்டியை விடாமல் வீட்டுக்கு ஓட்டி வந்துவிடுங்கள். எயார் ஃபில்டர், இன்ஜெக்டர், பம்ப் இவற்றைப் பார்க்கச் சொல்ல வேண்டும். பெற்றோல் வான், சிறு லொறி, கார் என்றால் கதை வேறு. அவற்றில் கொன்வேர்ட்டர் இருக்கும், இருந்திருக்க வேண்டும்.

இருந்திருக்க வேண்டும் என்று ஏன் சொல்கிறேன்? எங்கள் கல்லூரியில் என்னுடன் கற்பிக்கும் ஒருவரின் பெற்றோல் வான் சென்ற வருடம் புகைப் பரிசோதனையில் தவறியது. என் மாணவர் பெட்டியைக் கழற்றினார். கையில் எடுத்ததுமே அவர் முகம் மாறியது, எடை இல்லை. உள்ளே தேன்கூடு இல்லாமல் வெறும் தகரம். எப்போதோ, எங்கேயோ, சைலன்சர் ஒட்டக் கொடுத்தபோது உள்ளிருந்ததை எடுத்துவிட்டு மூடி வெல்ட் பண்ணிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த மட்கட்டியை விலைக்கு வாங்க ஆட்கள் இருக்கிறார்கள் என்பது வண்டிக்காரருக்குத் தெரியாது, எடுத்தவருக்குத் தெரியும். அடுத்தவரின் பொருளை அவர் அறியாமல் எடுத்து விற்பதற்கு நம்மிடம் என்ன பெயர் என்று நான் எழுத வேண்டியதில்லை. அமெரிக்காவில் இதை வாகனத்தின் கீழ் படுத்து இரவோடிரவாக அறுத்துக்கொண்டு போகிறார்கள். யாரிடமிருந்து பழைய இரும்புக் கடைக்காரர் வாங்கலாம் என்று கட்டுப்படுத்தக் கலிபோர்னியா 2022இல் தனிச் சட்டங்களே போட்டது.

ஆதலால் கராஜில் எந்தப் பாகத்தை மாற்றினாலும் பழையதை என் கையில் தாருங்கள் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். கொன்வேர்ட்டர் என்றால் கட்டாயம் கேளுங்கள். செத்துப்போனதிலும் உலோகம் இருக்கிறது, அதற்கு விலை இருக்கிறது. அமெரிக்காவிலேயே, கழற்றிய பழையதைப் பொருத்துபவர் 15 நாள் வைத்திருக்க வேண்டும், தாள்களை 6 மாதம் பாதுகாக்க வேண்டும் என்றுதான் விதி. பற்றுச்சீட்டில் திகதி, மைல் கணக்கு, பாக இலக்கம் மூன்றையும் எழுதி வாங்கி உங்கள் அலுமாரியிலேயே வையுங்கள். ஆண்கள் டாஷ்போர்டுக்குள் போடும் தாள் அடுத்த மழைக்குள் காணாமல் போய்விடும். என்னுடையதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

போன வாரம் தங்கச்சி மூன்று படங்கள் அனுப்பினாள். ஒன்று, பிக்கப்புக்கு அடியில் புதுத் தகரமும் அதில் டி-280 எண்ணும். இரண்டாவது, பரிசோதனைத் தாள். நைதரசன் வரிசையில் சராசரிக்கும் கீழே ஓர் எண். மூன்றாவது, வெப்பத் தகட்டின் போல்ட்டை இறுக்கிக்கொண்டு மச்சான் வண்டிக்கு அடியில் கிடக்க, இழுப்புக்காரப் பிள்ளை பக்கத்தில் குந்தியிருந்து டோர்ச் பிடிக்கிறது. கீழே ஒரு குரல்பதிவு: "காக்கா, உங்க மாணவருக்கு ஸலாம் சொல்லுங்க. பிரேக்கும் சத்தம் போடுதாம், எப்ப கூப்பிடலாம் எண்டு கேட்டுச் சொல்லுங்க."

வஸ்ஸலாம்.